சாக்லேட் மின்ட் குக்கீஸ்: எசென்ஸ் பாட்டில்ல கோட்டை விடாதீங்க

கேள்வி (ஈரோடு): அக்கா, பொண்ணுக்கு ஸ்கூல் லீவு, சாக்லேட் மின்ட் குக்கீஸ் வேணும்னு ஒரே அடம். ஆன்லைன்ல பெப்பர்மின்ட் ஆயில்னு ஒரு குட்டி பாட்டில் வாங்கி, ரெசிபில போட்டிருந்த மாதிரியே அரை டீஸ்பூன் ஊத்தினேன். வீடு பூரா தைலக்கடை வாசம், வாயில வச்சா தொண்டை எரியுது, 100 கிராம் பட்டர் போட்ட மாவு அப்படியே குப்பைக்கு போச்சு. நான் வாங்கினது தப்பா, ஊத்தினது தப்பா?

பதில்: ரெண்டும் தாங்க. மனசை விட்றாதீங்க, நானே முதல் தடவை பண்ணப்ப எங்க வீட்டுக்காரர் ஒரு கடி கடிச்சிட்டு "இதை நெத்தியில தடவணுமா"ன்னு கேட்டார்.

மின்ட்ங்கற பேர்ல கடையில மூணு விதமான பாட்டில் இருக்கு. முதல்ல அரோமாதெரபி ஆயில், அதாவது டிஃப்யூசர்ல ஊத்துறது, மசாஜுக்கு தடவுறது. பேக்கிங் சாமான் தேடுனாலும் ஆன்லைன்ல இதுதான் முதல்ல வந்து நிக்கும். பாட்டில் பின்னாடி பொடி எழுத்துல "வெளி உபயோகத்துக்கு மட்டும்"னு இருந்தா அது சமையலுக்கு கிடையவே கிடையாது. "100% ப்யூர், நேச்சுரல்"னு முன்னாடி பெருசா போட்டிருக்கறத பாத்து ஏமாறாதீங்க, ப்யூர்னா சாப்பிடலாம்னு அர்த்தம் இல்ல. எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம்) லோகோவும் 14 இலக்க லைசென்ஸ் நம்பரும் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அதை வாய்க்குள்ள விடாதீங்க. ரெண்டாவது ஃபுட் கிரேட் பெப்பர்மின்ட் ஆயில். இது சாப்பிடறது தான், ஆனா ராட்சச ஸ்ட்ராங், ஒரு ஈடு குக்கீஸுக்கு ரெண்டு சொட்டு தாண்டக்கூடாது, நான் பல்குத்தி குச்சிய முக்கி எடுத்து மாவுல கலக்கறேன். மூணாவது எசென்ஸ். வெனிலா எசென்ஸ் பக்கத்துலயே மளிகை கடையில வச்சிருப்பாங்க, நீர்த்துப் போன சரக்கு, கால் டீஸ்பூன் போட்டா சரியா இருக்கும். வீட்டுக்கு எசென்ஸே போதும், விலையும் கம்மி, கை தவறி ரெண்டு சொட்டு கூட விழுந்தாலும் மாவு பாழாகாது. உங்க ரெசிபில அரை ஸ்பூன்னு போட்டதும் எசென்ஸ், இல்லன்னா எக்ஸ்ட்ராக்ட் (இதுவும் நீர்த்த சரக்கு தான்) அளவா தான் இருக்கும், ஆயில் அளவு இல்ல.

இன்னொன்னு, நிறைய பேர் மார்க்கெட் புதினா கட்டையே அரைச்சு போட்டா என்னன்னு கேக்குறீங்க. போடலாம், ஆனா சட்னி வாசம் தான் வரும். நம்ம புதினால கார்வோன்ங்கற சரக்கு தான் மெயின், பெப்பர்மின்ட்ல மெந்தால். சின்ன வயசுல பெப்பர்மின்ட் மிட்டாய் வாயில போட்டு தண்ணி குடிச்சா ஜில்லுன்னு இழுக்குமே, அது மெந்தால் வேலை, பிரியாணி புதினால அது வராது.

கேள்வி (மதுரை): குக்கீஸ முக்கி எடுக்க சாக்லேட் வாங்க போனேன். கடைக்காரர் காம்பவுண்டா கூவர்ச்சரான்னு கேட்டார், முழிச்சேன். ஒண்ணு இன்னொண்ணை விட டபுள் விலை. விலை கம்மியானது டூப்ளிகேட்டா?

பதில்: டூப்ளிகேட் இல்ல, வேற சரக்கு. கூவர்ச்சர்ல இருக்கற கொழுப்பு கோகோ பட்டர், கோகோ கொட்டைலயே இருக்கறது. காம்பவுண்ட்ல அதுக்கு பதிலா பாம் எண்ணெய் வகையறா, பாக்கெட் பின்னாடி "ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்"னு இருக்கும். நம்ம ஊர் சட்டப்படி எது எடைல அதிகமோ அது தான் லிஸ்ட்ல முதல்ல வரணும், அதனால பின்னாடி திருப்பி முதல் மூணு வார்த்தைய படிச்சாலே ஜாதகம் தெரிஞ்சிரும். இதே டெஸ்ட் கோகோ பவுடருக்கும்: லிஸ்ட்ல முதல்ல சர்க்கரைன்னு இருந்தா அது டிரிங்கிங் சாக்லேட், டப்பா பாக்க ஒண்ணு போலவே இருக்கும், அதை போட்டு பண்ணா குக்கீஸ் இனிச்சு கிடக்கும், சாக்லேட் ருசி மட்டும் தேடணும்.

முக்கறதுக்கு உங்க ஊர் வெயிலுக்கு நான் காம்பவுண்டே சொல்வேன். கோகோ பட்டர் 34 டிகிரி பக்கத்துல உருகிரும், மதுரைல மே மாசம் தட்டுல வச்ச குக்கீஸ் கையில ஒட்டிக்கிட்டு நிக்கும். அதுபோக கூவர்ச்சர டெம்பர் பண்ணணும், சூடாக்கி ஆத்தி மறுபடி சூடாக்கின்னு தெர்மாமீட்டர் வச்சிக்கிட்டு நிக்கணும், இல்லன்னா பளபளப்பு இல்லாம திட்டு திட்டா காயும். காம்பவுண்ட் அந்த வம்பெல்லாம் பண்ணாது. ஹைட்ரஜனேட்டட்னு பாத்ததும் ட்ரான்ஸ் ஃபேட் (இதயத்துக்கு கெடுதல் பண்ற கொழுப்பு) பயம் வரும், 2022 ஜனவரில இருந்து அது மொத்த எண்ணெய், கொழுப்புல 2 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு ரூல் இருக்கு. அதுக்காக அது உடம்புக்கு நல்லதுன்னு நான் சொல்லல, எப்பயாச்சும் பண்ற பண்டத்துக்கு பரவால்ல. ஆனா காம்பவுண்ட கூவர்ச்சர் விலைக்கு மட்டும் வாங்கிராதீங்க, ஸ்லாப உடைச்சு ட்ரான்ஸ்பரன்ட் கவர்ல கட்டி "இம்போர்டட் சாக்லேட்"னு சில இடத்துல தள்ளி விடுறாங்க. கவர் மேல கம்பெனி பேர், எடை, தேதி, எம்ஆர்பி, வெஜ் மார்க் எதுவும் இல்லன்னா, எடுத்த ஒரிஜினல் பாக்கெட்ட காட்டுங்கன்னு கேளுங்க, காட்டலன்னா திரும்பி வந்துருங்க.

முக்கியமா ஒண்ணு: உருக்கின சாக்லேட்ல தண்ணி மாதிரி இருக்கற எசென்ஸ ஊத்திராதீங்க. ஊத்தின அடுத்த நிமிஷம் வழவழன்னு இருந்தது மணல் கட்டியா திரண்டு கரண்டியோட வந்துரும். மின்ட்ட மாவுல போட்டுக்கோங்க, சாக்லேட்ல போட்டே ஆகணும்னா எண்ணெய்ல கரைஞ்ச ஃப்ளேவர் கேட்டு வாங்குங்க.

கேள்வி (சென்னை): ஆன்லைன்ல டார்க் சாக்லேட் ஆர்டர் பண்ணேன், மேல வெள்ளையா பூத்து வந்துருக்கு. பூஞ்சையான்னு கேட்டா "நார்மல் தான் மேடம், ரிட்டர்ன் இல்ல"ன்றாங்க. விட்றதா?

பதில்: பூஞ்சை இல்ல, அந்தளவுக்கு அவங்க சொல்றது உண்மை. வண்டில வெயில்ல உருகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேல வந்து படியும், விரலால தேச்சா நெய்ப்பா கரையும். ஈரம் பட்டு சர்க்கரை பூத்திருந்தா நறநறன்னு இருக்கும். ரெண்டுமே கெட்டுப்போனது இல்ல, நறுக்கி மாவுல போட்டா யாருக்கும் தெரியாது.

ஆனா நீங்க காசு குடுத்தது நல்லா பளபளன்னு இருக்கற சரக்குக்கு. பிசுக்காகி வளைஞ்சு வந்திருந்தா அது அவங்க பேக்கிங் கோளாறு, உங்க தப்பு இல்ல. 2020 இ-காமர்ஸ் விதிப்படி குறை உள்ள பொருளையோ விளம்பரத்துல காட்டின மாதிரி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன்னு விக்கிறவர் சொல்ல முடியாது, கம்பெனியோட குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள்ள உங்க புகார் வந்துச்சுன்னு பதில் போடணும், ஒரு மாசத்துக்குள்ள முடிச்சு குடுக்கணும். பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வச்சுக்கோங்க. சாட்ல பேசுற ரோபோகிட்ட மல்லுக்கட்டாம மெயில் போடுங்க, அசையலன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். ஏப்ரல் மே மாசம் சாக்லேட்ட ஆன்லைன்ல வாங்காதீங்க, பாரிஸ் கார்னர் பக்கம் போறப்ப ஒரு ஸ்லாப் வாங்கி பைல போட்டுட்டு வாங்க.

கேள்வி (தஞ்சாவூர்): இதுக்குன்னு ஓடிஜி (கரண்ட் ஓவன்) வாங்கணுமாக்கா? வீட்ல சாதா மைக்ரோவேவ் தான் இருக்கு.

பதில்: வாங்காதீங்க. முதல்ல நாலு தடவை அடுப்புல பண்ணி பாருங்க, அப்புறமும் ஆசை இருந்தா வாங்கலாம், எத்தனை வீட்டு ஓடிஜி அட்டைப்பெட்டியோட பரண்ல தூங்குதுன்னு எனக்கு தெரியும். சாதா மைக்ரோவேவ்ல இது வராது, கன்வெக்ஷன்னு, அதாவது சூடான காத்த சுத்த விடற வசதி இருக்கணும்.

100 கிராம் மஞ்சள் பட்டர் பாக்கெட் ஒண்ணு, அதுலயே உப்பு இருக்கறதால தனியா உப்பு வேணாம். 80 கிராம் பொடிச்ச சர்க்கரையோட வெளிறுற வரைக்கும் குழைங்க, கால் டீஸ்பூன் எசென்ஸ், அப்புறம் 120 கிராம் மைதா, 25 கிராம் கோகோ, கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சலிச்சு போட்டு சேருங்க. சப்பாத்தி மாவு மாதிரி பிசையாதீங்க, சேந்தா போதும், உதிர்ந்தா ஒரு ஸ்பூன் பால். உருட்டி நீள குழல் மாதிரி பண்ணி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு அரை சென்டிமீட்டர்க்கு வட்டமா நறுக்குங்க. கனமான சட்டில உப்பு பரப்பி, ஸ்டாண்ட் வச்சு, மூடி, மிதமான தீல 10 நிமிஷம் சூடு பண்ணிட்டு, நறுக்கினத அடுக்கின தட்டை உள்ள இறக்கி மூடுங்க. குக்கர்ல பண்றவங்க கேஸ்கட், வெயிட் ரெண்டையும் கழட்டிருங்க. 15 நிமிஷம் பக்கம் ஆகும், கறுப்பு மாவுங்கறதால சிவந்துச்சான்னு கண்ணுல தெரியாது, மூக்குல தான் தெரியும், ஓரம் இறுகி நடு கொஞ்சம் மெத்துன்னு இருக்கும்போதே எடுத்துருங்க. வேகலையோன்னு தோணும், ஆறினா மொறுமொறுன்னு ஆயிரும். அப்புறம் 150 கிராம் காம்பவுண்ட உருக்கி முக்கி பட்டர் பேப்பர்ல வைங்க.

கேள்வி (கோவை): இவ்ளோ பண்ணா கடைல வாங்கறத விட மிச்சமாகுமா?

பதில்: ஆகாது. பட்டரும் சாக்லேட்டும் சேந்தாலே கடை பாக்கெட் விலைய தாண்டிரும். மிச்சம் புடிக்கறேன்னு பட்டர்க்கு பதிலா பேக்கரி மார்ஜரின் (எண்ணெய்ல செஞ்ச பட்டர் மாதிரி சரக்கு) மட்டும் வாங்கிராதீங்க, மேலண்ணத்துல மெழுகு மாதிரி ஒட்டிக்கும், அதுக்கு கடை பிஸ்கட்டே தேவல.