டாஸ்பாக்ஸில் பழைய கேம் திக்கித் திக்கி ஓடுவது ஏன்?

1992-இல் வந்த உல்ஃபென்ஸ்டைன் 3டி, பழைய டாஸ் கேம்களைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருளான டாஸ்பாக்ஸில், புது லேப்டாப்பிலும் ஏன் திணறுகிறது, கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லேப்டாப் மேல் குற்றமில்லை. இந்த மாதிரி கேமுக்கு டாஸ்பாக்ஸ் தானாக ஒதுக்குவது வெறும் 3000 சைக்கிள்கள், அதாவது ஒரு மில்லிவினாடியில் அது செய்துமுடிக்கும் கட்டளைகள். அது போதவே போதாது. கேம் ஓடும்போதே கண்ட்ரோலோடு எஃப்12-ஐ அழுத்திக்கொண்டே போங்கள். ஜன்னலின் மேல்பட்டையில் எண் ஏறுவது தெரியும். திரும்பும்போது சுவர்கள் வெட்டி வெட்டி நகராமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், அதுவரை ஏற்றுங்கள். சத்தம் கரகரத்தால் அளவு மீறிவிட்டது. கண்ட்ரோல்-எஃப்11 போட்டு இறக்குங்கள். கிடைத்த எண்ணை, டாஸ்பாக்ஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலின் சைக்கிள்ஸ் வரியில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்தமுறை மறுபடி 3000-தான்.

விர்ச்சுவல்பாக்ஸ் டாஸ் கேமுக்கு வேண்டாம். வேகத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க அதில் முடியாது.