மொரீஷியஸ் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்குவது எப்படி?

ரோஸ் ஹில்லில் படிக்கும் மகளுக்கு ஆங்கிலச் சொற்கள் போதவில்லை, நடுவில் வரும் லத்தீன், பிரெஞ்சுத் தொடர்களும் புரிவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

கவலை வேண்டாம், பாதி வேலை வீட்டிலேயே முடிந்திருக்கிறது. 1066-இல் பிரான்ஸின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்தன. பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலும் பிரெஞ்சும் காதில் விழுந்தே வளரும் நம் பிள்ளைகளுக்கு அவற்றில் பல தெரிந்த முகங்கள்தான்.

சிக்கலே அங்கேதான். பிரெஞ்சு 'லிப்ரேரி' புத்தகக் கடை; ஆங்கில 'லைப்ரரி' நூலகம். 'ஆக்சுவெல்மான்' என்றால் இப்போது. 'ஆக்சுவலி' என்றால் உண்மையில். கூட்டத்துக்குப் போவதை பிரெஞ்சில் 'அசிஸ்தே' என்போம்; ஆங்கில 'அசிஸ்ட்' உதவி செய்வது. தேர்வுத் தாளில் மதிப்பெண்ணைக் குறைப்பவை இவை. இந்த ஜோடிகளுக்கென்றே ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். மற்ற எந்தப் பயிற்சியையும்விட இதையே நான் முதலில் வைப்பேன்.

லத்தீன் தொடர்கள் கொஞ்சம்தான். 'அட் ஹாக்' குறிப்பிட்ட ஒரு தேவைக்காக மட்டும் அமைத்தது, 'ஸ்டேட்டஸ் கோ' இப்போதிருக்கும் நிலை, 'வைஸ் வெர்சா' மாற்றிச் சொன்னாலும் பொருந்துவது. படித்த வாக்கியத்தோடு சேர்த்தே எழுதிக்கொள்ளட்டும். சொந்தக் கட்டுரையில் மட்டும் இவற்றை அள்ளித் தெளிக்க வேண்டாம். எளிய ஆங்கிலச் சொல் இருந்தால் அதையே எழுதட்டும்.