பி.டி.எஸ்.டி. என்றால் என்ன? சிகிச்சை எடுத்தால் சரியாகுமா?

விபத்து, வன்முறை, பாலியல் கொடுமை, போர் போன்ற உயிரை உலுக்கும் ஒன்று முடிந்த பிறகும், அது இன்னும் நடந்துகொண்டிருப்பதுபோல மனமும் உடம்பும் இயங்குவதுதான் பி.டி.எஸ்.டி. (Post-Traumatic Stress Disorder), அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய். கெட்ட கனவு, திடீரென்று காட்சி கண்முன் வருவது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது, அந்த இடத்தையோ பேச்சையோ தவிர்ப்பது, எதிலும் ஒட்டாமல் மரத்துப்போவது எல்லாம் இதில் வரும். முதல் சில வாரங்கள் இப்படி இருப்பது இயல்புதான். ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்து, வேலையும் உறவும் கெட்டால்தான் நோய் என்கிறார்கள்.

ஏன் இப்படி? உச்சக்கட்ட பயத்தில் பதியும் நினைவில் 'இது முடிந்துபோனது' என்ற முத்திரை சரியாக விழுவதில்லை. அதனால் ஒரு வாசனை போதும், மூளை மறுபடி ஆபத்து என்று கத்தும். தவிர்க்கத் தவிர்க்க அந்தப் பயம் வளரும். காலில் முள் உள்ளேயே இருக்க, மேலே தோல் மூடிக்கொண்ட மாதிரி. நொண்டி நடந்து சமாளிக்கலாம், முள் போகாது.

எடுக்கும் வழி இருக்கிறது. பயிற்சி பெற்ற உளவியலாளருடன், உங்கள் வேகத்தில் அந்த நினைவை அணுகும் பேச்சு சிகிச்சைதான் முதல் தேர்வு; பலருக்கு 8 முதல் 16 அமர்வுகளில் நல்ல மாற்றம் தெரியும். தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மருந்தை மனநல மருத்துவர் தருவார். குடித்துத் தூங்குவது மட்டும் வேண்டாம், நிலைமை மோசமாகும். சாகத் தோன்றினால் காத்திருக்காமல் அன்றே உதவி கேளுங்கள்.

அப்புறம், இது ராணுவ வீரர்களுக்கோ 'மனத்திடம் இல்லாதவர்களுக்கோ' மட்டும் வருவதில்லை. குழந்தைகள் உட்பட யாருக்கும் வரலாம், பல ஆண்டுகள் கழிந்த பிறகும் சிகிச்சை பலன் தரும்.