ஐந்து அவுன்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாற்பத்து மூன்று வயதில் எழுதத் தொடங்கியவள் நான். அனுப்பிய ஏழு கதைகளும் திரும்பி வந்துவிட்டன. பெண்ணின் மூளை எடை குறைந்தது, அதனால்தான் பெண்களால் பெரிதாக எழுத முடிவதில்லை, அறிவியலே அப்படிச் சொல்கிறது என்கிறார் உறவினர் ஒருவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் எப்படிப் படித்தீர்கள், எப்படி விடாமல் எழுதினீர்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் உறவினர் சொன்னது 1887ஆம் ஆண்டுச் சரக்கு. பெண்ணின் மூளை சராசரியாக ஐந்து அவுன்ஸ் (சுமார் 140 கிராம்) குறைவு, ஆகவே அறிவிலும் அவள் குறைவு என்று பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜார்ஜ் ரோமானிஸ் அந்த ஆண்டில்தான் எழுதினார். அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி ஹெலன் கார்டனர் இத்தகைய வாதத்தை மறுத்து எழுதியதோடு நிற்காமல், தம் மூளையையே ஆய்வுக்காகக் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். 1925இல் அவர் இறந்தபின் நிறுத்துப் பார்த்தபோது அது 1150 கிராம் இருந்தது. அங்கே மூளைகளைச் சேகரிக்கத் தொடங்கிய பேராசிரியர் பர்ட் வைல்டரின் மூளையும் ஏறக்குறைய அதே எடைதான். நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அனதோல் பிரான்சின் மூளையோ 1017 கிராம். உறவினர் அடுத்த முறை வரும்போது காப்பியைக் கொடுத்துவிட்டு இந்த எண்ணையும் சொல்லுங்கள்.

என் மனத்துக்கு நெருக்கமான ஆய்வு வேறொன்று. சிறுவயதில் பள்ளிக்குப் போகாமல், வளர்ந்தபின் எழுத்தறிந்தவர்களின் மூளையிலும் எழுத்தை இனங்காணும் இடப்பக்கப் பகுதி அதற்கேற்பப் பழகிவிடுகிறது என்று பிரெஞ்சு நரம்பியல் ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் தெஹானின் குழு 2010இல் காட்டியது. அதைப் படித்தபோது என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றுக்கொண்ட அவர், மளிகைக் கடையில் பருப்பு மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்து, உள்ளங்கையால் நீவி, விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிப்பார். பாதியில் கிழிந்திருக்கும் செய்திக்கு முடிவை அவரே சொல்வார். என் வாசிப்பு அந்தத் தாள்களில் தொடங்கியது, நூலகமெல்லாம் பிறகுதான்.

விடாமல் எழுதியதைப் பெரிய வைராக்கியமாகச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாவரைக்கும் கிரைண்டர் ஓடும் முக்கால் மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் காதில் விழாது. என் முதல் நாவலை அந்த இரைச்சலில்தான் ஒன்பது வருடம் எழுதினேன். திரும்பி வந்த கதைகள் எனக்கும் பதினொன்று உண்டு. அவற்றில் இரண்டு, முதல் பக்கத்தை நீக்கியதும் அச்சேறின. உங்கள் ஏழையும் கிழித்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எந்த நேரத்தில் எழுதுகிறீர்கள் என்பது மட்டும் இல்லை. அதை எழுதுங்கள்.