சினானும் ஹாகியா சோபியாவும் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற மாதம் குடும்பத்துடன் இஸ்தான்புல் சென்று வந்தேன். ஹாகியா சோபியா, நீலப் பள்ளிவாசல், சுலைமானியா மூன்றையும் ஒரே நாளில் பார்த்தோம். மூன்றும் ஒன்றுபோலவே தெரிந்தன. உடன் வந்த நண்பர், ‘ஒரு பைசாந்தியத் தேவாலயத்தைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்’ என்றார். மறுக்கத் தோன்றியது, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மூன்றையும் ஒரே நாளில் பார்த்தால் ஒன்றுபோல் தோன்றாமல் என்ன செய்யும்! உங்கள் நண்பர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் 537இல் தேவாலயமாகக் கட்டி முடித்த ஹாகியா சோபியாவை, 1453இல் நகரைக் கைப்பற்றிய ஒட்டோமன் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் பள்ளிவாசலாக்கினார். அதன் பிறகு அந்நகரில் பெரிய குவிமாடம் எழுப்ப முனைந்த எவரும் அதைக் கணக்கில் எடுக்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அவர்கள் அதன் அழகை மட்டுமல்ல, அதன் கோளாறையும் பார்த்தார்கள்.

அகன்ற குவிமாடம் கீழ்நோக்கி அழுத்துவதோடு நிற்பதில்லை, சுவர்களை வெளிப்பக்கமாகவும் தள்ளுகிறது. ஹாகியா சோபியாவில் ஏறத்தாழ 31 மீட்டர் அகலமுள்ள குவிமாடத்துக்குக் கிழக்கிலும் மேற்கிலும் அரைக்குவிமாடங்கள் முட்டுக்கொடுக்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் அத்தகைய துணை இல்லை. முதல் குவிமாடம் 558இல் இடிந்து விழுந்தது. அதன்பின் அதை மேலும் உயர்த்திக் கட்டினார்கள். ஆயிரம் ஆண்டுகள் கழித்து, சுல்தான் இரண்டாம் செலிம் காலத்தில், அதற்கு வெளியிலிருந்து முட்டுச்சுவர்கள் எழுப்பியவர் ஒட்டோமன் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான். நோயாளியின் நாடி பார்த்த வைத்தியர் அவர்.

1548இல் முடிந்த ஷெஸாதே பள்ளிவாசலில் அவர் நான்கு பக்கமும் அரைக்குவிமாடங்களை வைத்துத் தள்ளுவிசையைச் சமமாகப் பங்கிட்டார். 1557இல் முடிந்த சுலைமானியாவில் மீண்டும் இரண்டே அரைக்குவிமாடங்களுக்குத் திரும்பினார். நகல் என்று சொல்பவர்கள் சுட்டிக்காட்டுவது இதைத்தான். நீங்கள் அடுத்த முறை சென்றால் நடுவில் நின்று மேலே பார்க்க வேண்டாம். பக்கவாட்டுப் பகுதிக்குப் போய் அங்கிருந்து நடுமண்டபத்தைப் பாருங்கள். ஹாகியா சோபியாவில் தூண்வரிசையும் அதன்மேல் அமைந்த மாடமும் பக்கப்பகுதியைத் தனிக்கூடமாகப் பிரித்துவிடுகின்றன. சுலைமானியாவிலோ, பக்கத்துக்கு இரண்டு பெரிய கருங்கல் தூண்களும் அவை தாங்கும் மூன்று வளைவுகளும் மட்டுமே குறுக்கே நிற்பதால், பக்கப்பகுதியும் மண்டபத்தோடு சேர்ந்துவிடுகிறது. கிப்லாவை, அதாவது மெக்காவின் திசையை, நோக்கித் தோளோடு தோள் சேர்ந்து அகலவாக்கில் வரிசை நிற்கும் தொழுகைக்கு இந்தத் திறந்த வெளி தேவை. ஊர்வலமாக உள்ளே வந்து பீடத்தை நோக்கி நடக்கும் வழிபாட்டுக்கு அது தேவைப்படவில்லை. சுலைமானியாவின் முட்டுச்சுவர்களையும் சினான் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வாங்கி, இடையில் தாழ்வாரங்கள் அமைத்துக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியிருக்கிறார். எண்ணெய் விளக்குகளின் புகைக்கரியைக் காற்றோட்டத்தால் வாசலுக்கு மேலுள்ள அறையில் சேரவைத்து, எழுத்துக் கலைஞர்களுக்கு மையாக்கினார்கள் என்பதும் இந்தப் பள்ளிவாசலைப் பற்றிச் சொல்லப்படுவதுதான்.

அதோடும் அவர் நிற்கவில்லை. எதிர்னெகாபி வாயிலருகே உள்ள மிஹ்ரிமா சுல்தான் பள்ளிவாசலில் அரைக்குவிமாடமே கிடையாது. பாரம் முழுவதும் நான்கு வளைவுகள் வழியே மூலைகளுக்கு இறங்கிவிடுவதால், இடைப்பட்ட சுவருக்குத் தாங்கும் வேலை குறைகிறது. சினான் அதைச் சன்னல்களால் நிரப்பிவிட்டார். ஹாகியா சோபியாவின் நகல் என்று இதை யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு இஸ்தான்புல்லில் மிகவும் பிடித்தது இதுவே.

நீலப் பள்ளிவாசலைப் பொறுத்தவரை உங்கள் நண்பரோடு நான் ஓரளவு உடன்படுவேன். 1609இல் தொடங்கப்பட்ட அதன் அமைப்பு ஷெஸாதேயின் நான்கு அரைக்குவிமாட அமைப்பேதான், அளவில் பெரிதாக்கப்பட்டது. சுவர்களில் பதித்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இஸ்னிக் நகரத்து வண்ண ஓடுகளும் ஆறு மினார்களும் அதை மறக்கச் செய்கின்றன. ஆனால் குவிமாடத்தைத் தாங்கும் அந்த நான்கு பருத்த தூண்கள் கண்ணை மறிக்கின்றன. ஓடுகளுக்காகவே போவதென்றால் எமினோனு கடைத்தெருவில், கீழே கடைகளும் மேலே தொழுகைக்கூடமுமாக உள்ள, சினான் கட்டிய ருஸ்தம் பாஷா பள்ளிவாசலுக்குப் போகலாம். அக்கடைகளின் வாடகைதான் அப்பள்ளிவாசலை நடத்தியது. ஆகவே நகல் எடுத்தார்கள் என்று நண்பர் வற்புறுத்தினால் ஒப்புக்கொள்ளுங்கள். மூலம் ஹாகியா சோபியா அல்ல, சினான் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.