கும்ரான் குகையும் ஊசிக்கண் வாசலும்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: கும்ரான் குகைகளில் மாற்கு நற்செய்தியின் துண்டு ஒன்று கிடைத்திருப்பதாக ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா? (வாசகர், தூத்துக்குடி)

இல்லை. கும்ரான் என்பது சாக்கடல் கரையோரத்தில், சாக்கடல் சுருள்கள் எனப்படும் பழைய யூத ஏடுகள் கிடைத்த இடம். இந்தப் பேச்சுக்கெல்லாம் காரணம் 7கியூ5 (ஏழாம் குகை, கும்ரான், ஐந்தாம் துண்டு) என்று எண்ணிடப்பட்ட ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு. 1955இல் ஏழாம் குகையில் கிடைத்தது. உயரம் நான்கு செ.மீ.கூட வராது. ஐந்து வரிகளின் மிச்சமாக ஏறத்தாழ இருபது கிரேக்க எழுத்துகள் தெரிகின்றன. அவற்றிலும் பாதி சிதைந்தவை. ஐயமின்றி முழுதாக வாசிக்க முடிவது 'காய்' என்ற ஒரே சொல்லை. நம் 'உம்' போன்ற இணைப்புச் சொல் அது; எந்தக் கிரேக்க நூலிலும் பக்கத்துக்குப் பத்து இருக்கும்.

1972இல் யோசே ஓ'கலகன் என்ற இயேசு சபை அறிஞர் இதை மாற்கு 6:52-53 என்றார். நான்காம் வரியில் தெரியும் 'ன்னேஸ்', கெனேசரேத்து என்ற ஊர்ப்பெயரின் நடுப்பகுதி என்பது அவர் வாதம். ஆனால் அப்படிப் பொருத்த இரண்டு சலுகைகள் வேண்டியிருந்தன. 'கடந்துபோய்' என்ற சொல்லில் டெல்டா என்ற கிரேக்க எழுத்து வரவேண்டிய இடத்தில் டௌ என்ற எழுத்து எழுதப்பட்டதாகக் கொள்ள வேண்டும். 'கரைக்கு' என்ற தொடரை எழுதியவர் விட்டுவிட்டதாகவும் கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வரி நீளம் சரிவராது. இருபது எழுத்துள்ள துண்டில் இத்தனை சலுகை கொடுத்தால் வேறு பல நூல்களையும் பொருத்திவிடலாம். ஆய்வாளர்களில் மிகப் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை.

கேள்வி: அப்படியானால் புதிய ஏற்பாட்டை வாசிப்பவருக்குச் சாக்கடல் சுருள்களால் என்ன பயன்? (வாசகர், நாகர்கோவில்)

நிறைய உண்டு. ஒரு சான்றையே விரித்துப் பார்ப்போம். சிறையிலிருக்கும் திருமுழுக்கு யோவான், இயேசுவிடம் 'வரப்போகிறவர் நீர்தானா?' என்று ஆளனுப்பிக் கேட்கிறார். இயேசுவின் பதில் மத்தேயு 11:5இலும் லூக்கா 7:22இலும் இருக்கிறது: குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், தொழுநோயாளர் சுத்தமாகிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், இறந்தோர் எழுப்பப்படுகிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது.

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? குருடர், செவிடர், முடவர் மூவரும் ஏசாயா 35:5-6இல் உண்டு. ஏழைகளுக்கு நற்செய்தி ஏசாயா 61:1இல் உண்டு. ஆனால் 61:1இல் இறந்தோர் இல்லை. இறந்தோரை ஏழைகளுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தது யார்?

நான்காம் குகையின் 4கியூ521 என்ற எபிரேய ஏட்டில் இதே சேர்க்கை இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட படி. அறிஞர்கள் கையில் அச்சாகி வந்தது 1992இல்தான். 'வானமும் பூமியும் அவருடைய மெசியாவுக்குச் செவிகொடுக்கும்' என்று தொடங்கும் பத்தியில், சங்கீதம் 146ஐ ஒட்டிச் சிறைப்பட்டோரும் குருடரும் வருகிறார்கள். பிறகு ஒரே வரியில்: காயமுற்றோரைக் குணமாக்குவார், இறந்தோரை உயிர்ப்பிப்பார், ஏழைகளுக்கு நற்செய்தி சொல்வார். இறந்தோரை அடுத்து ஏழைகள், நற்செய்தியில் வருகிற அதே வரிசை.

இதை வைத்து 'இயேசு கும்ரானில் படித்தவர்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக இந்த ஏடு இடம் தராது. தொழுநோயாளரும் முடவரும் இதில் இல்லை. இறந்தோரை உயிர்ப்பிப்பவர் மெசியாவா, கடவுளா என்பதும் விவாதத்தில் இருக்கிறது. எபிரேய வாக்கியத்தின் எழுவாய் 'ஆண்டவர்' என்றே படுகிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: ஏசாயா 61ஐ இறந்தோர் எழுவதோடு சேர்த்து வாசிக்கும் வழக்கம் கிறிஸ்தவர்கள் உண்டாக்கியதல்ல, அதற்கு முன்பே யூதர்களிடம் இருந்தது. என் கணக்கில் 7கியூ5ஐவிட இது பல மடங்கு பெரிய செய்தி. ஆனால் காணொளிக்குத் தலைப்பாக எடுபடாது.

கேள்வி: 'ஊசியின் காது' என்பது எருசலேம் மதிலில் இருந்த குறுகிய வாசல், ஒட்டகம் சுமையை இறக்கி மண்டியிட்டு நுழையும் என்று பிரசங்கத்தில் கேட்டேன். யூதப் பின்னணி இதுதானா? (வாசகர், திருச்சி)

அப்படி ஒரு வாசலை முதல் நூற்றாண்டின் எந்த நூலும் சொல்லவில்லை, எந்த அகழாய்வும் காட்டவில்லை. இடைக்கால உரைகளில் தலைகாட்டிய விளக்கம் அது. 'செல்வர் இறையாட்சிக்குள் நுழைவதைவிட ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது எளிது' என்ற மாற்கு 10:25ஐ அடுத்து வரும் 10:26ஐயும் சேர்த்து வாசியுங்கள். சீடர்கள் திகைத்து, 'அப்படியானால் யார்தான் மீட்புப் பெற முடியும்?' என்கிறார்கள். சுமையை இறக்கினால் நுழைந்துவிடலாம் என்றால் திகைக்க என்ன இருக்கிறது?

யூத மறையாசிரியர்களான ரபிகளின் போதனைத் தொகுப்பான பாபிலோன் தல்மூதில், கனவுகளைப் பற்றிய பகுதியில் (பெராகோத் 55பி), ஊசிக்காதில் நுழையும் யானை வருகிறது. நடக்கவே முடியாததற்கு அது அடையாளம். ஆனால் தல்மூத் தொகுப்பு நிறைவுபெற்றது ஏறத்தாழ கி.பி. 6ஆம் நூற்றாண்டில், அதுவும் பாபிலோனில். அது இயேசுவின் சொல்லுக்கு மூலம் ஆகாது. இந்த வகைப் பேச்சு யூதர்களிடம் புழங்கியது என்பதற்குத் துணைச் சான்று மட்டுமே.

ரபிகளின் நூல்களை எடுக்கும்போது பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா தொகுக்கப்பட்டதே கி.பி. 200ஐ ஒட்டி; எருசலேம் ஆலயம் 70இல் இடிந்து நான்கைந்து தலைமுறை கடந்துவிட்டது. அதில் உள்ள விதியை இயேசுவின் காலத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால், முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ், கும்ரான், தொல்பொருள் ஆகியவற்றில் ஒன்றாவது தனிச் சாட்சி சொல்ல வேண்டும்.

சொல்கிற இடம் ஒன்றைக் காட்டுகிறேன். கானா திருமணத்தில், யூதரின் சுத்திகரிப்பு முறைப்படி ஆறு கற்சாடிகள் இருந்தன என்கிறது யோவான் 2:6. ஏன் கல்? தீட்டுப்பட்ட மண்பாண்டத்தை உடைத்துவிட வேண்டும் என்பது லேவியராகமம் 11:33. தீட்டுப்படும் பொருள்களின் பட்டியலில் கல் இல்லை; கல் பாத்திரம் தீட்டேற்காது என்றே மிஷ்னாவும் எடுத்துக்கொள்கிறது. விதி எழுத்தில் வந்தது பிந்தித்தான். ஆனால் 70இல் எரிந்த எருசலேம் வீடுகளில் சுண்ணக்கல்லைக் கடைந்து செய்த பெரிய சாடிகள் கிடைத்திருக்கின்றன. நாசரேத்துக்கு அருகே ரெய்னாவில் 2017இல் ஒரு கல்பாத்திரப் பட்டறையே வெளிப்பட்டது. ஆகவே இங்கே மிஷ்னாவை நம்பிப் பேசலாம். அளவையும் பாருங்கள்: சாடிக்கு இரண்டு மூன்று மெத்ரேத்தேஸ். ஒரு மெத்ரேத்தேஸ் சுமார் 39 லிட்டர். ஆறு சாடிக்கும் சேர்த்து 470இலிருந்து 700 லிட்டர் வரை.

கேள்வி: திருத்தூதர் பணி 15:17இல் யாக்கோபு ஆமோஸை மேற்கோள் காட்டுகிறார். ஆமோஸ் 9:12ஐத் திருப்பிப் பார்த்தால் வாசகம் வேறாக இருக்கிறது. அச்சுப்பிழையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பிழையல்ல. நம் பழைய ஏற்பாடு, யூதர் வழிவழியாகக் காத்துவந்த எபிரேய மசோரெத்திய பாடத்தைத் தழுவியது. திருத்தூதர் பணியை எழுதிய லூக்கா கையாள்வது செப்துவஜிந்த், அதாவது பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு. எபிரேயத்தில் 'ஏதோமின் எஞ்சியோரை உரிமையாக்கிக்கொள்வர்'. கிரேக்கத்தில் 'மனிதரில் எஞ்சியோர் தேடுவர்'. உயிர்க்குறி இடாத எபிரேய எழுத்தில் ஏதோம் என்ற நாட்டுப் பெயரும் 'ஆதாம்' (மனிதர்) என்பதும் ஓரெழுத்தில் மாறுகின்றன. உரிமையாக்குதலும் தேடுதலும் அப்படியே. புறவினத்தாரை (யூதரல்லாதவரை) சேர்ப்பது பற்றிய யாக்கோபின் வாதத்துக்கு உதவுவது கிரேக்க வாசகம்தான். புதிய ஏற்பாட்டு மேற்கோள் பொருந்தாதபோதெல்லாம் முதலில் செப்துவஜிந்தைப் பாருங்கள், பெரும்பாலும் விடை அங்கே இருக்கும்.

கேள்வி: யாம்னியா சங்கம்தான் கி.பி. 90இல் எபிரேய விவிலியத்தின் நூல்பட்டியலை முடிவுசெய்ததா? (வாசகர், மதுரை)

யாம்னியா என்ற ஊரில் ரபிகள் கூடிப் பட்டியலை முடிவுசெய்தார்கள் என்பது பழைய பாடநூல்களில் இருக்கும், விட்டுவிடுங்கள். 1871இல் யூத வரலாற்றாசிரியர் ஹைன்ரிக் கிரேட்ஸ் முன்வைத்த ஊகம் அது. மிஷ்னாவில் (யாதாயிம் 3:5) தெரிவது, சபை உரையாளர், இனிமைமிகு பாடல் ஆகிய இரண்டு நூல்கள் பற்றிய ரபிகளின் விவாதம் மட்டுமே.

கேள்வி: நற்செய்திகளை ஒப்பிட்டுப் படிக்கக் கிரேக்கம் தெரியாத நான் எப்படித் தொடங்குவது? (வாசகர், கோவை)

முடக்குவாதக்காரனைக் குணமாக்கும் பகுதியை எடுங்கள்: மாற்கு 2:1-12, மத்தேயு 9:1-8, லூக்கா 5:17-26. நீளத் தாளை மடித்து மூன்று பத்திகளாக்கி, மாற்கை நடுவில் எழுதுங்கள். ஒரே செய்தி ஒரே வரிசையில் நேராக வரட்டும். ஒருவரிடம் இல்லாத இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள். பிறகு நான்கு வண்ணப் பென்சில்கள். மூவரிலும் இருப்பது சிவப்பு, மாற்கும் மத்தேயுவும் மட்டும் நீலம், மாற்கும் லூக்காவும் மட்டும் பச்சை, மாற்கில் இல்லாமல் மற்ற இருவரிலும் இருப்பது மஞ்சள்.

மூன்றையும் ஒரே மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்றைப் பழைய திருப்புதலிலிருந்தும் இன்னொன்றைப் பொது மொழிபெயர்ப்பிலிருந்தும் எடுத்தால், நற்செய்தியாளரின் வேறுபாட்டையும் மொழிபெயர்ப்பாளரின் வேறுபாட்டையும் பிரிக்கவே முடியாது.

வண்ணம் தீட்டியதும் கூரை கண்ணில் படும். மாற்கில், கிரேக்க மூலப்படி, தோண்டித் திறக்கிறார்கள். கிளை பரப்பி மண் பூசிய கூரை. லூக்காவில் ஓடுகளின் வழியாக இறக்குகிறார்கள். மத்தேயுவில் கூரையே இல்லை. அடுத்து, சிவப்பில் ஒரு விசித்திரம். 'மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டென்று நீங்கள் அறியும்படி' என்று தொடங்கிய பேச்சு முடியாமலே அறுந்து, 'என்று சொல்லி, முடக்குவாதக்காரனை நோக்கி' என்று கதைசொல்லி குறுக்கிடுகிறார். மூவரிடமும் இதே இடத்தில் இதே முறிவு. கேட்ட கதையை மூவர் தனித்தனியே எழுதினால் இப்படி ஒத்துவராது. எழுத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மாற்கின் 661 வசனங்களில் ஏறத்தாழ 600இன் செய்தி மத்தேயுவில் இருப்பதும் சேர்ந்துதான் மாற்கே முந்தியது என்ற கருத்து நிலைபெற்றது.

மஞ்சளில் அவசரப்படாதீர்கள். 'தன் வீட்டுக்குப் போனான்' என்ற தொடர் மத்தேயு 9:7இலும் லூக்கா 5:25இலும் கிரேக்கத்தில் எழுத்துக்கெழுத்து ஒன்று, மாற்கில் இல்லை. மத்தேயுவும் லூக்காவும் பயன்படுத்தியதாகக் கருதப்படும் 'கியூ' என்ற தொலைந்த மூலத்தை (கும்ரான் ஏட்டு எண்களில் வரும் கியூ வேறு) வைத்து இதை விளக்குவது கடினம், ஏனென்றால் கியூவில் இந்தக் கதை இருந்ததாக யாரும் பொதுவாகச் சொல்வதில்லை. லூக்கா மத்தேயுவைப் பார்த்தே எழுதினார், கியூ தேவையில்லை என்று ஆங்கிலேய அறிஞர் ஆஸ்டின் ஃபாரர் 1955இல் வாதிட்டதற்கு இத்தகைய இடங்களே வலு சேர்க்கின்றன. தமிழில் மஞ்சளாகத் தெரிவதை கிரேக்கச் சொல்லுக்கு அடியிலேயே பொருள் தரும் வரிக்கிடைக் கிரேக்கப் பதிப்பில் சரிபார்த்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள்.