அந்த ஆங்கில ‘வி’ நாமா, நாங்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சொந்த நாட்டில் ஆங்கில இலக்கியம் இளங்கலை முடித்தேன். இப்போது வேறொரு நாட்டில் ஆங்கிலமொழியும் கல்வியும் முதுகலை, இரண்டாம் பருவம். அங்கே நல்ல மாணவி என்று பெயர் வாங்கித் தந்த பழக்கங்களே இங்கே குறைகளாகத் தெரிகின்றன. கட்டுரையின் ஓரத்தில் "உங்கள் கருத்து எங்கே?" என்று எழுதித் தருகிறார்கள். வகுப்பு விவாதத்தில் நான் ஒரு வாக்கியத்தை மனதில் அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. போன வாரம், கீழை நாட்டவர் எழுத்து சுருள் சுருளாகப் போகும் என்று ஒரு படம் காட்டினார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நான் அதைக் கற்பிக்கப் படிப்பதே வேடிக்கையோ என்று தோன்றுகிறது. நான் மாற வேண்டுமா, அவர்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டுமா? கட்டுரை ஒன்றை இணைத்திருக்கிறேன்.

வி.

அன்புள்ள வி.,

முதலில் அந்தப் படம். ராபர்ட் காப்லன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1966இல் வெளியிட்ட கட்டுரையில் வருவது அது. ஐந்து கோட்டுச் சித்திரங்கள். ஆங்கிலத்துக்கு நேராகக் கீழிறங்கும் ஒரு கோடு, கீழை மொழிகளுக்கு உள்ளே உள்ளே சுழலும் ஒரு சுருள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வந்த அயல்நாட்டு மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகளை வைத்து வரைந்தது. அவர்கள் தம் தாய்மொழியில் எப்படி எழுதினார்கள் என்பது அதில் இல்லை. ஒருவர் தட்டுத்தடுமாறி நீந்துவதைப் பார்த்துவிட்டு அவர் நடக்கும் அழகைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது மாதிரி. தான் மிகைப்படுத்திவிட்டதாகப் பின்னாளில் காப்லனே ஒப்புக்கொண்டார். படம் மட்டும் வகுப்புகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதற்கு எதிராக நீங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, பிறகு அமெரிக்கா சென்ற சுரேஷ் கனகராஜா 2006இல் எழுதியது. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதிய மூன்று கட்டுரைகளை எடுத்துக்கொள்கிறார்: தமிழில் ஒன்று, உள்ளூர் வாசகருக்கு ஆங்கிலத்தில் ஒன்று, வெளிநாட்டு ஆய்வு வாசகருக்கு ஆங்கிலத்தில் ஒன்று. எழுதியவர் ஒருவர்தான், ஆனால் மூன்றும் மூன்று விதமாக அமைந்திருக்கின்றன. தாய்மொழிதான் எழுத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்றால் இது நடக்கவே முடியாது. யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பார்த்து அவர் வடிவத்தைத் தேர்ந்துகொள்கிறார். இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவரின் எழுத்தா அது? இரண்டுக்கும் நடுவே போய்வரப் பழகியவரின் எழுத்து.

சரி, இதைச் சொன்னதும் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் உங்கள் கட்டுரையையும் படித்தேன். முதல் நான்கு பக்கங்களும் யார் யார் என்ன சொன்னார்கள் என்ற பட்டியல். ஐந்தாம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் உங்களுடையது. அதுவும் "என்றும் கருத இடமுண்டு" என்று தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறது. இதைப் பண்பாட்டின் தலையில் கட்ட வேண்டாம், பயம்தான் காரணம். எனக்கும் அதே பயம் இருந்தது. என்னுடைய முதல் கட்டுரையைத் திருப்பித் தந்தபோது ஆசிரியர் ஒரு திருத்தமும் செய்திருக்கவில்லை. கடைசிப் பத்தியிலிருந்து முதல் பக்கத்தின் உச்சி வரைக்கும் நீளமாக ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அப்புறம் அந்தப் பத்தியை மேலே தூக்கி வைத்துப் பார்த்தபோது, கீழே இருந்த மேற்கோள்களில் பாதி வேலையில்லாமல் நின்றன. உங்கள் ஐந்தாம் பக்க வாக்கியத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். எவ்வளவு வெட்டலாம் என்று உங்களுக்கே தெரியும்.

வகுப்பில் வாய் திறக்காததற்கும் நம் மரபைக் காரணம் காட்டுவார்கள். நாமும் சில சமயம் தலையாட்டிவிடுகிறோம். நன்னூலில் பவணந்தியார் மாணவனைச் சித்திரப் பாவை போல அடங்கி இருக்கச் சொல்கிறார், "செவி வாயாக நெஞ்சு களனாக" கேட்கச் சொல்கிறார். உண்மைதான். ஆனால் அதோடு புத்தகத்தை மூடிவிடக் கூடாது. அதே பாயிரத்தில், ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதான் என்கிறார். கூடப் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதிப் பாதி, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. நீங்கள் சேர்ந்திருக்கும் படிப்பின் பாடத்திட்டம் மாதிரியே இல்லையா?

இதில் நடைமுறை யோசனை ஒன்றுதான். முழு வாக்கியத்தையும் மனதில் அடுக்கிவிட்டுப் பேச நினைக்காதீர்கள். "அதில் எனக்கு ஒரு சந்தேகம்" என்று முதலில் சொல்லிவிடுங்கள், இடம் உங்களுக்குக் கிடைத்துவிடும். மீதியைப் பேசிக்கொண்டே யோசிக்கலாம். அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

தாய்மொழியாளர்தான் நல்ல ஆசிரியர் என்ற நினைப்புக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1961இல் உகாண்டாவின் மக்கெரேரேயில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஒரு காமன்வெல்த் மாநாடு நடந்தது. அங்கே உறுதிப்பட்ட ஐந்து நம்பிக்கைகளில் இது ஒன்று. ஆங்கிலத்தை ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்பது இன்னொன்று. 1992இல் ராபர்ட் பிலிப்சன் என்ற மொழியியலாளர் ஐந்தையும் பிழையான நம்பிக்கைகள் என்றார். பிலிப்சனே ஸ்காட்லாந்தில் பிறந்த பிரிட்டிஷ்காரர்தான் என்பதையும் கவனியுங்கள்.

வாதம் இருக்கட்டும். 'ஐ வாஸ் வொண்டரிங்' (யோசித்துக்கொண்டிருந்தேன்) என்று ஆங்கிலத்தில் ஒருவர் பணிவாக உதவி கேட்கிறார். இப்போது கேட்கும் உதவிக்கு இறந்தகாலம் எதற்கு? அந்த மொழியோடு வளர்ந்தவருக்கு இந்தக் கேள்வி எழுவதே அபூர்வம். உங்களுக்கு எழும். ஏனென்றால் 'நீங்கள்' என்ற ஒரு சொல்லில் நீங்கள் முடித்துவிடுகிற மரியாதையை, எல்லோருக்கும் ஒரே 'யூ' வைத்திருக்கும் அந்த மொழி வேறு எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறது. எங்கே என்று நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நாளை உங்கள் மாணவர் அதே இடத்தில் இடறும்போது, எந்தக் கல்லில் இடறினார் என்பது உங்களுக்குத் தெரியும். இதனால் மட்டும் நல்ல ஆசிரியர் ஆகிவிட முடியாது. மொழியில் உழைப்பு வேண்டும், அதில் சலுகை கேட்காதீர்கள்.

நீங்கள் மாறுவதா, அவர்கள் புரிந்துகொள்வதா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை தருகிறேன். அடுத்த வாரத்துக்கான பாடப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'வி' என்ற ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் பென்சிலால் 'நாம்' என்றோ 'நாங்கள்' என்றோ குறியுங்கள். 'வி நோ', 'வி எக்ஸ்பெக்ட்' எல்லாவற்றையும்தான். ஆங்கிலத்துக்கு இந்த வேறுபாடு இல்லை, அதனால் எழுதியவருக்கே தன் வட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே என்று தெரியாமல் இருக்கலாம். தமிழில் நினைப்பவருக்கு ஒவ்வொரு முறையும் முடிவு செய்தே ஆக வேண்டும். 'நாங்கள்' எத்தனை, 'நாம்' எத்தனை என்று எண்ணுங்கள். ஐந்து பக்கக் கட்டுரைக்கு அதில் பொருள் இருக்கிறது. எழுதினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், முதல் பக்கத்தை மட்டும் முதலில் படிக்கிறேன்.

அன்புடன்.